59 நாள் தாமதம்

பழைய கம்ப்யூட்டருக்கு ஆபத்து எப்படி வருகிறது? தப்பிக்க வழி என்ன?

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

இங்கிலாந்தில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வழக்கம்போல் வேலை நடந்துகொண்டிருந்தது. டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்சுகள் பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு தோன்றியது. அது ஒரு மிரட்டல்.

கம்ப்யூட்டரில் உள்ள விவரங்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடுக்க வேண்டும். மூன்று நாளில் கொடுக்காவிட்டால் தொகை இரண்டு மடங்காகும். ஏழு நாளிலும் கொடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும். இதுதான் அந்த மிரட்டல்.

ஆஸ்பத்திரிகள் தடுமாறின. நோயாளிக்கு முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று பார்க்க முடியவில்லை. எக்ஸ்ரே படங்களைத் திறக்க முடியவில்லை. டாக்டர்கள் காகிதத்தையும் பேனாவையும் கையில் எடுத்தார்கள். ஐந்து இடங்களில், அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவில் உள்ள வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தில் அப்போது 236 அரசாங்க ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் இருந்தன. அவற்றில் 81 நிர்வாகங்கள் பாதிக்கப்பட்டன. குடும்ப டாக்டர்களின் நிலையங்கள் 595 பாதிக்கப்பட்டன. டாக்டரைப் பார்க்கவும், ஆபரேஷன் செய்துகொள்ளவும் நாள் குறித்து வைத்திருந்தவர்களில் ஏறக்குறைய 19,000 பேருக்கு அந்த நாள் தவறியது. அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் 9 கோடியே 20 லட்சம் பவுன் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

இத்தனைக்கும் காரணம் என்ன? ஒரு சிறிய வேலை. அதைச் செய்யாமல் தள்ளிப்போட்டதுதான் காரணம்!

150 நாடுகள்

இங்கிலாந்தோடு இது நிற்கவில்லை. ஸ்பெயின் நாட்டின் பெரிய டெலிபோன் கம்பெனி பாதிக்கப்பட்டது. ஜெர்மனியில் ரெயில் நிலையங்களில் வண்டி நேரம் காட்டும் பலகைகளில் மிரட்டல் அறிவிப்பு தெரிந்தது. பிரான்சில் ரெனால்ட் கார் தொழிற்சாலைகளில் வேலை நின்றது.

நம் பக்கத்து மாநிலங்களும் தப்பவில்லை. ஆந்திராவில் போலீஸ் இலாகாவின் சில கம்ப்யூட்டர்கள் சிக்கின. கேரளத்தில் வயநாடு மாவட்டத்தில் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களும் சிக்கின.

மொத்தம் 150 நாடுகள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். எல்லாம் சில நாட்களுக்குள்!

அந்தத் திருட்டு சாப்ட்வேருக்கு ‘வான்னா கிரை’ என்று பெயர். அது தொற்றுநோய் போலப் பரவக்கூடியது. ஓர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டால் போதும். அங்கிருந்து பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்குத் தானாகவே தாவும். யாரும் எதையும் தொட வேண்டியது இல்லை.

ரகசியச் சாவி

இந்தத் திருட்டு சாப்ட்வேர் எப்படி நுழைந்தது? விண்டோசில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைந்தது.

விண்டோஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை சாப்ட்வேர். மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி அதைத் தயாரிக்கிறது. கம்ப்யூட்டர் ஒன்றுக்கொன்று கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள விண்டோசில் ஒரு வசதி உண்டு. அந்த வசதியில் ஒரு பிழை இருந்தது. அது கம்பெனிக்கே தெரியாது.

ஆனால் அமெரிக்க உளவு இலாகாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக நுழைய ஒரு ரகசியச் சாவியை அது செய்து வைத்திருந்தது. அந்தச் சாவி திருடு போயிற்று. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, முகம் தெரியாத ஒரு கூட்டம் அதை இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படி போட்டுவிட்டது. உளவு இலாகாவிடம் இருந்து திருடப்பட்டதுதான் இது என்று மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவர் பிராட் சுமித் வெளிப்படையாகக் குறை கூறினார்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்ச் மாதம் 14-ந் தேதியே மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. விலை கிடையாது. 

மார்ச் 14 எங்கே, மே 12 எங்கே? நடுவில் 59 நாட்கள்!

அந்த 59 நாட்களில் திருத்தத்தைப் போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்களுக்குள் இந்த ஓட்டை வழியாக வான்னா கிரை தாவ முடியவில்லை. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கிலாந்தின் தணிக்கை அதிகாரிகள் விசாரணை நடத்தி, அதே ஆண்டு அக்டோபர் மாதம் அறிக்கை வெளியிட்டார்கள். திருத்தத்தைப் போடும்படி மார்ச் மாதமும் ஏப்ரல் மாதமும் ஆஸ்பத்திரிகளுக்கு அவசர எச்சரிக்கை போயிருந்தது என்று அந்த அறிக்கை கூறுகிறது. மாட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அன்றைக்கு அவற்றுக்குத் திருத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. மருந்து வீட்டில் இருந்தது, யாரும் சாப்பிடவில்லை!

ஆஸ்பத்திரிக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. அங்கே ஸ்கேன் எடுக்கும் எந்திரம் பெரிய விலை உள்ளது. அதை ஒரு கம்ப்யூட்டர் இயக்குகிறது. அந்தக் கம்ப்யூட்டரில் கை வைத்தால் ஸ்கேன் எந்திரம் நின்றுவிடுமோ என்று பயம். நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது கம்ப்யூட்டரை நிறுத்தி வைக்கவும் நேரம் இல்லை. “பிறகு பார்க்கலாம்” என்று விட்டுவிட்டார்கள்.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? “அப்டேட் செய்யவா?” என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. “பிறகு” என்ற பொத்தானை அமுக்குகிறோம்!

தடுத்தவர் யார்?

வான்னா கிரை பரவுவதைத் தடுத்தவர் 22 வயது வாலிபர். பெயர் மார்க்கஸ் ஹட்சின்ஸ். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்து வந்தார்.

அவர் அந்தத் திருட்டு சாப்ட்வேரைப் பிரித்துப் பார்த்தார். வேலையைத் தொடங்கும் முன் அது இணையத்தில் ஒரு விலாசத்தைத் தேடுவது தெரிந்தது. அந்த விலாசம் யார் பெயரிலும் இல்லை. 11 டாலருக்கும் குறைவான பணம் கட்டி, அதைத் தம் பெயரில் பதிவு செய்தார்.

உடனே வான்னா கிரை நின்றது! விலாசம் கிடைக்காதவரை பரவு, கிடைத்துவிட்டால் நில் என்று அதில் எழுதியிருந்தார்கள். பதிவு செய்யும்போது அவருக்கே இது தெரியாது.

உலகம் தப்பியது ஓர் அதிர்ஷ்டத்தால். ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டுமா?

சாப்ட்வேருக்கு வயதாகுமா?

செருப்பு தேய்கிறது. சைக்கிள் துருப்பிடிக்கிறது. சாப்ட்வேர் தேயாது, துருவும் பிடிக்காது. பத்து ஆண்டுக்கு முன் எழுதியபடியே இருக்கும். பிறகு ஏன் அது பழசாகிறது?

கூரை வீட்டை நினைத்துப் பாருங்கள். கீற்று வேய்ந்த அன்று ஒழுகுவது இல்லை. மழை வந்த பிறகுதான் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். உடனே அந்த இடத்தில் புதுக் கீற்று செருகுகிறோம்.

சாப்ட்வேரும் அப்படித்தான். அது கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதி வைத்த கட்டளைகளின் தொகுப்பு. விண்டோசில் அப்படிக் கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் கோடி வரி எழுதும்போது சில பிழைகள் இருக்கத்தானே செய்யும்? நாள் ஆக ஆக அந்தப் பிழைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. நல்லவர்கள் கண்டுபிடித்தால் கம்பெனிக்குச் சொல்கிறார்கள். கெட்டவர்கள் கண்டுபிடித்தால் திருடுகிறார்கள்.

இதற்காகத்தான் மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது. 2003-ம் ஆண்டு முதல் இந்த வழக்கம் இருந்து வருகிறது.

திருத்தம் வெளியான நாளில் ஓர் ஆபத்தும் உண்டு. எங்கே ஒட்டுப் போடுகிறார்கள் என்று பார்த்தால், எங்கே ஓட்டை என்று திருடனுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? ஒட்டுப் போடாத வீடுகளைத் தேடி அவன் கிளம்புகிறான். ஆகவே, திருத்தம் வராதவரை எல்லாருக்கும் ஒரே ஆபத்து. வந்த பிறகு, போடாதவர்களுக்கு மட்டும் ஆபத்து கூடுகிறது.

திறக்காத இணைய தளங்கள்

பழைய சாப்ட்வேரால் வரும் தொல்லை திருட்டு மட்டும் அல்ல.

“நேற்று வரை திறந்த இணைய தளம் இன்று திறக்கவில்லை. பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கை வருகிறது” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

பெரும்பாலான இணைய தளங்களுக்கு ஓர் அடையாளச் சீட்டு உண்டு. “இது உண்மையான தளம்தான்” என்று அது காட்டும். அந்தச் சீட்டைக் கொடுத்தவர் நம்பிக்கையானவரா என்று நம் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்கும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் கெடு தேதி உண்டு. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சீட்டின் கெடு முடிந்தது. புதிய பட்டியல் வாங்காத பழைய எந்திரங்கள் பலவற்றில் நல்ல தளங்களே திறக்க மறுத்தன.

இதைவிட எளிய காரணமும் உண்டு. அது கம்ப்யூட்டரின் கடிகாரம். கம்ப்யூட்டருக்குள் நாலணாக் காசு போல ஒரு சிறிய பாட்டரி இருக்கிறது. கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தாலும் நாளும் நேரமும் ஓடுவது அதனால்தான். பல ஆண்டு ஆனபின் அந்தப் பாட்டரி தீர்ந்துபோகும். கம்ப்யூட்டர் பழைய தேதியைக் காட்டும். தேதி தவறானால் எல்லா அடையாளச் சீட்டும் அதற்குத் தவறாகவே தெரியும். தளம் திறக்காது. பாட்டரியின் விலை அற்பம். கம்ப்யூட்டரையே மாற்றும் முன், மூலையில் உள்ள கடிகாரத்தை ஒரு முறை பாருங்கள்!

கம்பெனி கைவிட்டால்?

திருத்தம் என்றைக்கும் வந்துகொண்டிருக்காது. ஒரு நாள் கம்பெனி நிறுத்திவிடும்.

விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-ம் ஆண்டு வந்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி கைவிடப்பட்டது. விண்டோஸ் 7, 2009-ம் ஆண்டு வந்தது. 2020-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி கைவிடப்பட்டது. விண்டோஸ் 10, 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் வந்தது. அதற்கும் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான திருத்தங்கள் நின்றன.

இது சின்ன விஷயம் அல்ல. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கடைகளிலும் இருந்தது விண்டோஸ் 10தான்.

அக்டோபர் 15-ந் தேதி காலையில் அந்தக் கம்ப்யூட்டர்கள் நின்றுவிட்டனவா? இல்லை. எப்போதும்போல ஓடின. அதனால்தான் பலருக்கு ஆபத்து தெரியவில்லை. கூரையில் புதுக் கீற்று செருகுவது நின்றுவிட்டது. மழை வருகிறவரை வீடு வீடாகத்தான் இருக்கும்.

“விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளுங்கள்” என்றது கம்பெனி. அதற்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் எல்லாக் கம்ப்யூட்டரும் அதற்கு மாற முடியாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி எந்திரத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கம்ப்யூட்டரின் மூளையாகிய ‘பிராசசர்’ கம்பெனி வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. 2017-ம் ஆண்டுக்கு முன் தயாரான எந்திரங்களில் பெரும்பாலானவை இதில் தேறவில்லை.

கம்பெனி சொல்லும் காரணத்தில் உண்மை உண்டு. அந்தப் பாதுகாப்பு வசதி இருந்தால் திருடனுக்கு வேலை கடினம். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டு ஆண்டுக்கு முன் கடன் வாங்கி ஒரு தகப்பனார் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருப்பார். அது இன்றும் ஒழுங்காக ஓடும். எழுத்து அச்சடிக்கலாம். பாடம் படிக்கலாம். மின்சார பில் கட்டலாம். அதை ஒரு தேதியைக் காட்டிக் குப்பை என்று சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

பூமிக்கும் இது பாரம். 2022-ம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுபடி பயன்படுத்தப்பட்டது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

எதிர்ப்புகளுக்குப் பிறகு கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தருவதாக அறிவித்தது. இதற்கு 30 டாலர் கட்டணம். கம்பெனியிடம் கணக்குத் தொடங்கி, கம்ப்யூட்டர் அமைப்புகளை அங்கே சேமித்து வைத்தால் கட்டணம் வேண்டாம் என்றும் சொன்னது. இது தவணைதான். தீர்வு அல்ல.

என்ன செய்யலாம்?

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? வரிசையாகச் செய்யுங்கள்.

முதல் வேலை: பிரதி எடுப்பது. கல்யாணப் போட்டோ, பிள்ளையின் மார்க் சீட்டு, பத்திரங்களின் படம், இவற்றைப் பென்டிரைவிலோ தனி ஹார்ட் டிஸ்கிலோ பதிந்து, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். செருகியபடியே வைத்திருந்தால், திருட்டு சாப்ட்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இரண்டாவது: நாளும் நேரமும் சரியா என்று பாருங்கள்.

மூன்றாவது: ‘செட்டிங்ஸ்’ என்ற இடத்தில் ‘விண்டோஸ் அப்டேட்’ என்று இருக்கும். அதைத் திறந்து, காத்திருக்கும் திருத்தங்களை எல்லாம் போடுங்கள். பல மாதம் போடாமல் இருந்தால் இரண்டு மூன்று முறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும். இரவு சாப்பாட்டுக்குப் போகும்போது தொடங்கிவிடுங்கள். நடுவில் மின்சாரத்தை அணைக்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டி வையுங்கள்.

நான்காவது: இணையம் பார்க்கும் சாப்ட்வேரைப் புதுப்பியுங்கள். வெளி உலகத்துக்குத் திறக்கும் வாசல் அதுதான். குரோம் 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அந்த எந்திரங்களில் இருப்பது பழைய குரோம்.

ஐந்தாவது: விண்டோஸ் 11 ஏறுமா என்று சோதியுங்கள். சோதிக்க மைக்ரோசாப்ட் கம்பெனியே இலவச சாப்ட்வேர் தருகிறது. “ஏறாது” என்று வந்தாலும் உடனே மனம் தளர வேண்டாம். சில எந்திரங்களில் டி.பி.எம். வசதி உள்ளே இருக்கும். ஆனால் நிறுத்தி வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர் அதைத் திறந்து கொடுப்பார்.

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறதா? பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. போடுங்கள். புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பகுதிதான் செலவு. ஓட்டத்தில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு வழி

விண்டோஸ் 11 ஏறவே ஏறாது என்றால்? இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ்.

பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991-ம் ஆண்டு அதைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் நிபுணர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல வகை உண்டு. வீட்டு உபயோகத்துக்கு விலை கிடையாது. பழைய எந்திரத்திலும் ஓடும் வகைகள் இருக்கின்றன. திருத்தங்களும் தவறாமல் வருகின்றன. இந்திய அரசாங்க நிறுவனமான சி-டாக், ‘பாஸ்’ என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தயாரித்திருக்கிறது. அதில் தமிழிலும் வேலை செய்யலாம்.

“அதெல்லாம் படித்தவர்களுக்கு” என்று ஒதுங்க வேண்டாம். கேரளத்தில் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்சில்தான் கம்ப்யூட்டர் கற்கிறார்கள்.

ஆனால் ஒன்று. கணக்கு எழுதும் சில சாப்ட்வேர், கடை பில் போடும் சில சாப்ட்வேர், சில பழைய பிரிண்டர்கள் லினக்சில் வேலை செய்யாமல் போகலாம். பென்டிரைவில் இருந்தே லினக்சை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. பார்த்து, பிடித்தால் மாறுங்கள்.

எதற்கும் வசதி இல்லையா? இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, எழுதுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ளுங்கள். பாங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

போலி அப்டேட்

திருடனுக்கும் ‘அப்டேட்’ என்ற வார்த்தை தெரியும்!

இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள். “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது. உடனே இந்த எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள்” என்று திரை அலறும். சில சமயம் “அப்டேட் செய்ய இங்கே அமுக்கவும்” என்று வரும். நம்ப வேண்டாம். உண்மையான திருத்தம் கம்ப்யூட்டரின் ‘செட்டிங்ஸ்’ வழியாகத்தான் வரும். மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கையில் டெலிபோன் எண் கொடுத்து உங்களைக் கூப்பிடச் சொல்லாது.

திருட்டுப் பிரதி விண்டோசும் வேண்டாம். திருட்டு தெரிந்துவிடும் என்று அப்டேட்டையே நிறுத்திவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. வாசலுக்குப் பூட்டு இல்லாத வீட்டை வாங்கிய கதையாகிவிடும்.

திருத்தமே தவறினால்?

“அப்டேட் செய்தால்தான் கம்ப்யூட்டர் கெட்டுப்போகிறது” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் தள்ளிவிட முடியாது.

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் கம்பெனி ஒரு திருத்தம் அனுப்பியது. அந்தத் திருத்தத்திலேயே பிழை! உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டு கொடுத்தார்கள். பிழை ஒன்றரை மணி நேரத்துக்குள் சரி செய்யப்பட்டது. ஆனால் படுத்துவிட்ட கம்ப்யூட்டர்கள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது.

அது பெரிய கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும் சாப்ட்வேர். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதிப்பு இல்லை. ஆனாலும் திருத்தம் அனுப்புகிறவர்களின் பொறுப்பை அது காட்டிவிட்டது. சோதிக்காமல் அனுப்பினால், அடுத்த முறை மக்கள் “பிறகு” என்ற பொத்தானைத்தான் தேடுவார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியுமா?

இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். திருத்தம் தவறுவது எப்போதாவது நடக்கிறது. தவறினால், அனுப்பியவர்களே ஓடி வந்து சரி செய்கிறார்கள். திருத்தம் போடாத கம்ப்யூட்டரைத் தேடும் திருடன் தினமும் அலைகிறான். அவன் கெடுத்ததைச் சரி செய்ய யாரும் வருவது இல்லை. பிரதி எடுத்து அலமாரியில் வைத்திருந்தால் இரண்டு ஆபத்திலும் தப்பலாம்.

இரு தரப்புக்கும் பொறுப்பு

எந்திரம் விற்கிற கம்பெனி, “இத்தனை ஆண்டு வரை திருத்தம் தருவோம்” என்று வாங்கும்போதே பெட்டியின் மேல் எழுத வேண்டும். மருந்துச் சீசாவில் தேதி போடுகிறார்களே, அதைப் போல! அப்போது வாங்குகிறவர் கணக்குப் பார்த்து வாங்குவார். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மொத்தமாக வாங்குகிற அரசாங்கங்களும் அந்தத் தேதியைக் கேட்க வேண்டும். வாங்குவதற்குப் பணம் ஒதுக்கும்போதே, புதுப்பிப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

நம் பொறுப்பு இதைவிடச் சின்னது. மாதம் ஒரு முறை அரை மணி நேரம்.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்கு 59 நாட்கள் கிடைத்தன. திருத்தம் இலவசம். எச்சரிக்கை இரண்டு முறை வந்தது. ஆனாலும் நாள் போயிற்று. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லாரும் இருக்கிறீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். “அப்டேட் செய்யவா?” என்று அது கேட்டால், இந்த ஒரு முறையாவது “சரி” என்று சொல்லுங்கள்.